ஒரே டிரம்மில் இருவர்

திட்டக்குடி,
2.9.2004

பாப்பாவின் அப்பாவுக்கு,

மாதா திருவிழாவில் நாம் இருவரும் ஒரே டிரம்மில் வாசிப்பதற்கான தாளக்கட்டை எழுதி முடித்துவிட்டேன். "புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிரா நின்னு அடிச்சா ஊரே பாக்கும்மா" என்று பாதர் போனில் சொன்னார். அவருக்காக விருத்தாசலம் வருகிறேன்.

ஒத்திகையில் நடுப்பகுதி வரும்போதெல்லாம் நான் தாளத்தை விடுகிறேன் என்று திட்டினீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியிலும் சொல்லிச் சிரித்தீர்களாம். நான் விட்டது உண்மைதான். அந்த இடத்தில் நீங்கள் குச்சியைத் தலைக்கு மேலே ஓங்குகிறீர்கள். என் கை டிரம்மை விட்டுவிட்டு முகத்தை மறைக்கப் போய்விடுகிறது.

அதனால் அந்த இடத்தை மாற்றியிருக்கிறேன். இனி அங்கே ஓங்குவது நான். நீங்கள் விளிம்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தால் போதும்.

வாசித்து முடித்ததும் எனக்குத் திட்டக்குடிக்குத் திரும்ப பஸ் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா