தானாக ஏறும் ஆயில்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். சர்வீஸ் ஷெட்டில் ஃபேன் ஓடவில்லை. அதே புது மாடல் பிக்கப், இந்த மாதம் மூன்றாவது. எஞ்சினில் டக் டக். பேரிங் போச்சு.

ஓனர் புத்தூர்க்காரர். பெருமை வேறு. "ஆயிலே துன்னாது சார் இந்த வண்டி. நான் ஊத்தவே இல்ல, தானா ஏறிக்கினே வருது!"

ஆயில் எங்கேயாவது தானாக ஏறுமா? அளவுக் குச்சியை உருவி மோந்து பார்க்கச் சொன்னேன். டீசல் நாற்றம். மனுஷன் முகம் செத்துவிட்டது.

சைலன்சர் வடிகட்டியில் கரி சேர்ந்தால், எஞ்சின் கூடுதல் டீசல் விட்டு அதை எரிக்கும். அதற்கு அரை மணி நேரம் நிற்காத ஓட்டம் வேண்டும். பாதியில் அணைத்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்து, பேரிங் தேயும். இங்கே மாம்பழ சீசன். ஜூஸ் ஃபேக்டரி வரிசையில் பத்தடி நகர்வது, அணைப்பது. மறுபடி பத்தடி. வேறென்ன ஆகும்?

மேனேஜர் தெலுங்கில்: "கல்தி டீசல் அனி ராயி பாபு." ரிப்போர்ட்டில் காரணம் கலப்பட டீசல் என்று எழுத வேண்டுமாம். எழுதினால் ஓனருக்கு வாரண்டி கிடையாது. எழுதவில்லை. இரண்டு டீ, இரண்டும் ஆறிப்போய்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல் போட்டு ஏமாற்றியது. பைக் செயின் தொங்குகிறது. சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

வடமாலபேட்டையிலிருந்து அக்கா போன். மாமா நேற்றிலிருந்து சித்தூர் ஃபேக்டரி வரிசையில். தோத்தாபுரி மாம்பழம், முழு லோடு. வண்டி அதே மாடல். இதையே வாங்கு என்று சொன்னது நான்தான்.

மாமாவைக் கூப்பிட்டு ஆயில் பார்க்கச் சொன்னேன்.

"பாத்தேன். மேல் கோட்டுக்கு மேல ரெண்டு வெரல் நிக்குது. தங்கமான வண்டிடா!"

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. ஸ்டார்ட் பண்ணாத மாமா."

"பண்ணாம? தள்ளிக்கினே போவட்டா? வெளிய எட்த்தா எடம் பூடும். பழம் அழுவுனா நீ வந்து துன்னுவியா, லோடு முச்சூடும்?"

வைத்துவிட்டார்.

புத்தூர்க்காரர் ரிப்போர்ட்டில் உண்மைக் காரணத்தையே எழுதி அனுப்பினேன். ஆவது ஆகட்டும்.

ஜூன் 11, புதன்

லீவு சொல்லவில்லை. ஆயில் கேன், ஃபில்டர், ஸ்பானர். பைக்கிலேயே சித்தூர். முதுகு போச்சு.

வரிசை மெயின் ரோடு வரை. பழ வாசனை, ஈ. மாமா லுங்கியை மடித்துக்கட்டி வண்டி நிழலில். "வந்துட்டாருய்யா எஞ்சினீரு!"

ராத்திரி வரிசை நகர்ந்தபோது ஸ்டார்ட் பண்ணாமல், ஆள் பிடித்துத் தள்ளியிருக்கிறார். முன் வண்டிக்காரர் சொன்னார். மாமா பானெட்டைத் திறந்துவிட்டார்.

பழைய ஆயிலை இறக்கினேன். தண்ணீர் மாதிரி ஊற்றியது. மாமா விரலில் தொட்டு மோந்தார். முகத்தைப் பார்க்காமல் ஃபில்டரைத் திருகினேன். வரிசையில் பாதி அதே மாடல்கள். ஒவ்வொருத்தராகக் குச்சியை உருவ ஆரம்பித்தார்கள்.

புது ஆயில் ஊற்றியாச்சு. இனி கரி எரிய அரை மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும்.

"எடம்?" என்றார் மாமா.

"நான் நிக்கிறேன். நீ போ."

போயிருக்கிறார். நான் வண்டி நின்ற இடத்தில், நடு வெயிலில். பின்னால் டிராக்டர்க்காரன் ஹாரன் மேல் ஹாரன்.

"யோவ், நவுருய்யா! நீ என்ன வண்டியா?"

"ஆமா, வண்டிதான். முடிஞ்சா ஏத்து."

திட்டிக்கொண்டே சிரித்தான். வரிசை பத்தடி நகர்ந்தது. நானும் பத்தடி நடந்தேன்.

மேனேஜர் போன். ரிப்போர்ட் கண்ணில் பட்டிருக்கும். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறார்.

முன் வண்டிக்காரர் குச்சியோடு வந்து நிற்கிறார். "தம்பி, ஆயில் வாங்க ஆள் அனுப்பிருக்கேன். உங்க மாமா வந்ததும் என் எடத்துலயும் நிக்கிறியா?"

மாமாவை இன்னும் காணோம். முன்னே ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம். பத்தடி.