முட்டைக்காரர் வண்டி

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் சுகம். அங்கே சுரங்க முகாமில் தூசு குறைந்திருக்கிறதா, இருமல் விட்டதா என்று முதலில் எழுதுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மூன்று வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். முட்டைக்காரரின் பழைய பிக்கப் வண்டியை வாங்கிவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். புது வண்டிதான் வாங்க வேண்டும், அதற்காக இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றீர்கள். நம் சலவைக்கூடத்துக்கு வண்டி இல்லாமல் முடியாது என்பது உண்மை. வாடகை வண்டிக்காரர் வருகிறேன் என்ற நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புக்காக நோயாளிகள் காத்திருக்க, மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பிடித்துக்கொள்கிறார். அதற்காக இன்னும் இரண்டு வருடமா?

வண்டியைப் பார்த்ததும் உங்கள் தம்பி சிரித்துவிட்டார். "அண்ணி, காயலான் கடைக்காரனே இதை யோசிச்சுத்தான் எடுப்பான்" என்றார். புகை அப்படி. கியர் மாற்றினால் அரவை மில் சத்தம். நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஆஸ்பத்திரி மேட்டில் முழுப் பாரத்தோடு ஏற்றிக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்று முட்டைக்காரரிடம் சொன்னேன். பாரம் என்றால் காய்ந்த துணி இல்லை. தொட்டியிலிருந்து எடுத்துப் பிழியாத விரிப்புகளாக ஏற்றினோம். ஈரத்துணியின் கனம் உங்களுக்குத் தெரியும்.

பாதி மேட்டில் கருகல் நாற்றம் வந்தது. எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஸ்கூட்டரில் வந்த உங்கள் தம்பி, "இப்பவாவது நம்புறீங்களா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று இரவே உங்களுக்குப் போன் செய்து, சரி, இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் ஊரே ஸ்பானர் என்று கூப்பிடும் நம் மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்தவர், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "அக்கா, முட்டை உடையக் கூடாதுன்னு இவர் கிளட்ச்சுல வச்ச காலை எடுத்ததே இல்லை. மிதிச்சு மிதிச்சு கிளட்ச்சும் போச்சு, இவர் முழங்காலும் போச்சு" என்றார். முட்டைக்காரர் அசடு வழிந்தார். "ஒரு பள்ளத்துல வேகமா விட்டா நூறு முட்டை போயிடுமே தம்பி" என்றார். வண்டியை விற்பதற்குக் காரணமே அந்த முழங்கால்தானாம்.

ஸ்பானர் என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அடிச்சட்டத்தில் ஒரு விரிசல் இல்லை. பாரம் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் புதிதுபோல இருந்தன. அவ்வளவு ஈரப் பாரத்தோடு மேட்டில் நின்ற வண்டியை பிரேக் ஓர் அங்குலம்கூட உருள விடவில்லை. கிளட்ச், கியர் பெட்டி, எஞ்சினுக்குள் ரிங் எல்லாமே மாற்ற வேண்டும், பெரிய வேலைதான் என்றார். ஆனால் மாற்ற முடிந்ததெல்லாம் கெட்டிருக்கிறது, மாற்ற முடியாததெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அங்கேயே நின்று விலை பேசினேன். கிளட்ச்சைக் காட்டிக் காட்டியே குறைத்தேன். பழுது பார்த்த செலவையும் சேர்த்து, புது வண்டிக்கென்று ஒதுக்கியதில் பாதிகூட ஆகவில்லை.

போன வாரம் அதே மேடு, அதே ஈரத்துணி. நான்தான் ஓட்டினேன். ஆமாம், உங்களிடம் சொல்லாமல் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் கியரில் ஒரு திணறல் இல்லாமல் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். காவலாளி விசில் அடித்தார். உங்கள் தம்பி இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி, நல்ல வண்டின்னு" என்றாரே பார்க்கலாம்! சலவைக்கூடத்துப் பெண்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த வாரம் ஒருநாள்கூட விரிப்பு தாமதமாகவில்லை. மேற்பார்வையாளர் அம்மா பிரசவப் பகுதித் துணியையும் நம்மிடமே கொடுத்துவிட்டார். நான் ஒருத்தியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு வேலை வந்திருக்கிறது.

ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாள் மாதக் கடைசியில் வரும் என்றீர்கள். புது வண்டிக்காகத்தான் அதில் கையெழுத்து என்றால், நம் வண்டி வாசலில் நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அந்தத் தாள் வரும்போது மட்டும் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக்காரி