லீலாவை எந்த நாடு என்று கேட்கிறார்கள்

என் சரளா அக்காவுக்கு,

உன் மகள் லீலா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைவிட உயரம். உன் நிறம், தாவா மாமாவின் கண். வாயைத் திறந்தால் நம் ஆம்பூர்ப் பேச்சு. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மாமா ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீ வராத. சித்தி வரட்டும்" என்றாள் லீலா.

"ஏம்மா?"

"வராதன்னா வராத."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. "சரிம்மா" என்று சட்டையை மடித்து வைத்தார். உன்னை அடக்கம் செய்த அன்றைக்குத்தான் அவர் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நான்தான் போனேன். திரும்பும் வழியில் விசாரித்தேன். சில நாள் முன்பு மாமா சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்குப் போயிருக்கிறார். "உங்கப்பா இன்னா, சீனாவா?" என்று ஒரு பெண் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து லீலாவுக்கே அதுதான் பெயராம். மாமாவின் ஊர் டார்ஜிலிங் எந்த நாட்டில் இருக்கிறது என்று யாருக்கு அங்கே கவலை?

நீங்கள் ஷூ கம்பெனியில் பழகி, கல்யாணம் செய்துகொண்டு, வேலூரில் வீடு தேடி அலைந்தது ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் நம் தெருப் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்றார்கள். அடுத்த வீட்டில் மாமாவைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார்கள். நீ வந்து சொன்னாய்: "என் மூஞ்சில சாதி தெரியலடி, அதான் தெருவைக் கேட்டாங்க. இவருக்குத் தெருவே தேவைப்படல, மூஞ்சே போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எப்படி அக்கா சிரிக்க முடிந்தது?

லீலாவிடம் இதைச் சொன்னேன். "அம்மாவையுமா?" என்றாள்.

அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில், மனிதர்களை இனம் இனமாகப் பிரிக்கும் கோடு எதுவும் உடம்பில் இல்லை என்று டீச்சர் நடத்தினாராம். தோலும் கண்ணும் ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், அவ்வளவுதான் என்றாராம். உன் மகள் எழுந்து நின்றிருக்கிறாள்.

"மிஸ், உடம்புல இல்லாதத வச்சு என்னை ஏன் சீனான்னு கூப்புடுறாங்க?"

யாரும் சிரிக்கவில்லையாம். டீச்சர், "அது மனுஷங்க உண்டாக்கினதும்மா. அதுக்கு உன் மூஞ்சி பொறுப்பில்ல" என்றாராம்.

அன்று சாயங்காலம் மாமா துணி துவைத்துக்கொண்டிருந்தார். லீலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அடுத்த மீட்டிங்குக்கு நீதான் வரணும்."

"வேணாம்மா. உனக்குக் கஷ்டம்."

"கஷ்டம்தான். ஆனா நீ வா."

மாமா ஈரக்கையோடு அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய்விட்டேன்.

நேற்று இருவரும் போய் வந்தார்கள். கேட்டில் அதே பெண் முறைத்துப் பார்த்தாளாம். "எங்கப்பா. பேரு தாவா" என்றாளாம் லீலா. அந்தப் பெண் வணக்கம் சொன்னாளாம். அவள் மனசு மாறிவிட்டதா? தெரியாது. திரும்பும்போது பஸ் கண்டக்டர் இரண்டு பேரிடமும் இந்தியில்தான் பேசினாராம்.

நாளைக்கு வேலைக்கு, வீட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று போகிற இடத்தில் எந்த நாடு, எந்தத் தெரு என்று இன்னும் எத்தனை பேர் கேட்பார்களோ. கேட்கவே மாட்டார்கள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அக்கா. கேட்கிற இடத்தில் அவர்கள் இருவரையும் தனியாக நிற்க விடமாட்டேன். அது சத்தியம்.

லீலாவுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
எஸ்தர்