இலை இரவில் என்ன சாப்பிடும்

1983 மார்ச் 9, புதன்

தோணி கவிழ்ந்து என் கணவர் மௌத்தான பிறகு, விதவை இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். இன்று என் வகுப்புப் பிள்ளை றைஹானா புத்தகத்தோடு வந்தாள். தவணைப் பரீட்சை வருகிறதாம். எனக்குப் பதிலாக விஞ்ஞானம் படிப்பிக்க இன்னும் யாரும் வரவில்லையாம்.

உம்மா தயங்கினார். பிறகு, "பொம்புளப் புள்ளதானே, சொல்லிக் குடு" என்றார்.

சொன்னேன். இலை வெயிலைப் பிடித்து, காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டையும் வேர் தரும் நீரையும் கொண்டு குளுக்கோசு செய்கிறது. உடனே செலவாகாததை மாப்பொருளாக்கி வைத்துக்கொள்கிறது. என் குரல் வேறு யாரோ ஒருத்தியுடையது போலிருந்தது.

"இரவையில வெயில் இல்லியே டீச்சர், அப்ப என்னத்தத் தின்னும்?"

"பகல்ல சேத்து வெச்சதத்தான்."

"பல நாளா வெயிலே படாட்டி?"

"சேத்தது முடிஞ்சிரும். பொறகு மஞ்சளாகி வாடிரும்."

அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அவள் போனதும் உம்மா வந்து வளவுப் பக்கத்து யன்னலைத் திறந்தார். நான் அந்நிய ஆண் யார் கண்ணிலும் படக் கூடாதென்று, அவரை அடக்கிய அன்றே அதைப் பூட்டியவரும் உம்மாதான்.

"மதிலுக்கு அங்கால ஆரும் இல்ல. கொஞ்சம் வெயில் படட்டும் புள்ள."

பாடத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வெயில் என் காலில் விழுந்தது. சூடு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே இருந்தேன்.