ஆயுத பூஜையன்று நின்ற பம்பு

அனுப்புநர்
ஜ. ஜெஸிமா,
முழுநேர ஆய்வு மாணவி, இயற்பியல் துறை,
பொன்னிவனம் கலை அறிவியல் கல்லூரி,
கொள்ளிடக்கரைச் சாலை, ஸ்ரீரங்கம்.
(வீடு: தென்னூர், திருச்சிராப்பள்ளி)

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி, திருச்சிராப்பள்ளி மண்டலம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: இயற்பியல் துறை – மேற்பரப்பு ஆய்வகம் – ஆயுத பூஜைக்குப் பின் பூட்டப்பட்டிருப்பது – கருவி ஈரத்தில் கெட்டுக்கொண்டிருப்பது – விசாரணை முடியும்வரை காத்திராமல் அறையைத் திறந்து பம்பை ஓட்ட உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கல்லூரி முதல்வருக்கு நான் அளித்த விண்ணப்பங்களும், "விசாரணை நிலுவையில் உள்ளது" என்ற அவரது பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இத்தனை பெரிய அதிகாரி ஒருவருக்கு எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். வெளியே மழை பெய்கிறது. ஆகவே சுருக்கமாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சுருக்கினால் புரியாமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

2. நான் ஆராய்வது தண்ணீரை. காவிரித் தண்ணீரை அல்ல. சுத்தமான ஓர் உலோகத்தின் மேல் முதன்முதலாக வந்து ஒட்டும் ஒரே ஓர் அடுக்குத் தண்ணீரை. அந்த அடுக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் முழுதாக இருக்கின்றனவா, உலோகத்தைத் தொட்டதும் சில உடைந்துபோகின்றனவா என்பது, ருத்தேனியம் என்ற உலோகத்தைப் பொறுத்தவரை, நெடுநாள் வாதம். கணக்குப் போட்டவர்கள் ஒன்று சொன்னார்கள். சோதனை செய்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். பெரிய சிக்கல் என்னவென்றால், மூலக்கூறைப் பார்ப்பதற்கு நாம் அனுப்பும் எலக்ட்ரான் கற்றையே அதை உடைத்துவிடக்கூடும். உடைத்தது உலோகமா, பார்த்த நாமா என்று சொல்ல முடியாது. எனவே கற்றையை மிக மெல்லியதாக்கிப் பார்க்க வேண்டும். அத்தனை மெல்லிய கற்றையிலும் படம் தெரிவதற்கென்றே எங்கள் கருவியில் நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. கோடையில் நான் எடுத்த அளவீடுகளில், கற்றையைக் குறைக்கக் குறைக்க உடைவதும் குறைந்தது. இன்னும் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் இந்தப் பூட்டு.

3. இவையெல்லாம் காற்று சற்றும் இல்லாத ஓர் எஃகுக் கலனுக்குள் நடக்க வேண்டியவை. "உள்ள ஒண்ணுமே இல்லாம வச்சிருக்கறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று என் தாயார் வஹீதா கேட்பார். உண்மையில் அதற்குத்தான் படித்தேன். பம்பு இரவு பகலாக ஓடினால்தான் உள்ளே ஒன்றுமில்லாமல் இருக்கும். நின்றால் பம்பின் எண்ணெய் ஆவியே கலனுக்குள் ஏறிவிடும். பிறகு கலனைச் சூடேற்றி, உலோகத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வாரங்கள் பிடிக்கும்.

4. எங்கள் துறையில் ஆயுத பூஜை சிறப்பாக நடக்கும். கருவிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி, விளக்கேற்றிய பின் அறையைச் சாத்திவிட்டு வெளியேறுவோம். மறுநாள் விஜயதசமி காலைவரை எந்தக் கருவியையும் தொடுவதில்லை. அன்று ஒருநாள் அவற்றுக்கு ஓய்வு. நானும் வருடா வருடம் வாசலில் கோலம் போடுபவள்; பொரி கடலை வாங்கி வருவது என் பொறுப்பு. என் நெறியாளர் பேராசிரியர் அமலராணி அவர்கள் இருந்தவரை எங்கள் கலனுக்கு மட்டும் விலக்கு உண்டு. மேசைக் காலில் சந்தனம் வைப்பார்கள், பம்பு தன்பாட்டில் ஓடும். அவர்கள் கடந்த மே மாதம் ஓய்வு பெற்றார்கள். அந்த விலக்கு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கடந்த அக்டோபர் முதல் நாள் பூஜை முடிந்து நான் தென்னூருக்குப் பஸ் ஏறும்போது பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

5. நான் போன பிறகு, ஒப்பந்த மின்பணியாளர் திரு. வெள்ளைச்சாமி அறையைப் பூட்ட வந்திருக்கிறார். அவர் காட்டூரைச் சேர்ந்தவர். எங்கள் கட்டடத்துக்கு இவ்வாண்டுதான் மாற்றப்பட்டவர். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணன் என்பேன். எல்லாக் கருவிகளும் ஓய்ந்திருக்க, என் பம்பு மட்டும் இரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். பார்த்து என்ன நினைத்தார் என்பதை அவர் முதல்வரிடம் சொல்லியிருக்கிறார். அதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: "அது வேற மார்க்கத்துப் பொண்ணு, நம்ம வழக்கம் தெரியாம விட்டுட்டுப் போயிருக்கும்னு நெனச்சேங்க. இந்த வருஷம் படிப்ப முடிக்கப் போவுது. அது மிஷினு மட்டும் பூஜையில சேராமப் போயிடக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுட்டுத்தாங்க நிறுத்துனேன்."

மின்சாரம் போனாலும் காக்கும் பேட்டரி இணைப்பையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார். அரைகுறை ஓய்வு ஓய்வாகாது என்பது அவர் எண்ணம்.

6. மறுநாள் காலை, நான் வருவதற்குள் தன் கையாலேயே பம்பை ஓட்டி வைத்துவிடலாம் என்று எலுமிச்சம்பழத்தோடு அவர் வந்தார். "பாப்பா, சத்தம் வேற மாதிரி கேக்குதும்மா, சீக்கிரம் வாங்க" என்று போன் செய்தார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, கலனின் பலகணிக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. பம்பை நிறுத்தினேன். அழுதேன். அவரும் அழுதார். அன்று விடுமுறை, துறையில் வேறு யாரும் இல்லை. கலனை முறைப்படி திறந்து தகட்டைப் பத்திரப்படுத்தும் வேலையில் பாதியில் இருந்தேன். இருட்டிவிட்டதால் மறுநாள் வந்து முடிக்கலாம் என்று போனேன். காற்று வால்வு பாதி திறந்த நிலையில் இருந்தது. மறுநாள் வந்தபோது முதல்வர் உத்தரவுப்படி கதவில் பூட்டும் அரக்கு முத்திரையும் இருந்தன.

7. ஐயா, இனி நான் எழுதுவதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். ஒப்பந்தப் பணியாளரின் அலட்சியம் என்று நான் எழுதித் தந்தால் அவர் வேலை போய்விடும். அப்படி எழுத மறுத்தால், கருவி என் பொறுப்பில் இருந்ததால் தவறு என்னுடையது. நான் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். அது போதாது என்கிறார்கள். இதற்கிடையில், நான் பூஜையைக் குறை சொல்வதாகக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் யாரோ எழுதிவிட்டார்கள். பொரி கடலை வாங்கி வந்தவள் நான் என்பது அந்தக் குழுக்களில் யாருக்கும் நினைவு வரவில்லை. "பேசாம இரு ஜெஸி. நம்ம பேரு பேப்பர்ல வந்துடக் கூடாது" என்று அம்மா சொல்கிறார். வெள்ளைச்சாமி அண்ணனோ தற்காலிகமாக நீக்கப்பட்டு, என்னோடு பேசக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறார். கடைத்தெருவில் ஒருநாள் எதிரே பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

8. எனினும் நான் இம்மனுவில் முறையிடுவது அதைப் பற்றி அல்ல. அந்தப் பூட்டைப் பற்றி. முதலில் தீபாவளி விடுமுறை, பிறகு பருவத் தேர்வு என்று விசாரணைக் குழு இன்னும் கூடவே இல்லை. அறையோ கொள்ளிடத்தின் பக்கம் பார்த்த அறை. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். மேலே சொன்ன கண்ணாடித் தகடு ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. உறிஞ்சியபடி நாள் பல கிடந்தால் வளைந்து விரிசல் விடும். விரிசல் விட்டால் அதை ஒட்ட முடியாது. அந்தத் தகடு இல்லாமல் மெல்லிய கற்றையில் எதுவும் தெரியாது. பலமான கற்றையில் பார்த்தால் பார்ப்பதே உடைத்துவிடும். என் ஆய்வுப் பதிவுக்காலம் டிசம்பரோடு முடிகிறது. இன்றே பம்பை ஓட்டினால்கூட அந்தக் கடைசி அளவீட்டுக்கு மட்டும்தான் நேரம் இருக்கும்.

9. மழை பிடித்தால் நான் வீட்டில் இருப்பதில்லை. குடையை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய் அந்தக் கதவுக்கு எதிரே நிற்கிறேன். நின்று ஒன்றும் ஆகப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். காவலாளி முதலில் கேள்வி கேட்டார், இப்போது நாற்காலி எடுத்துப் போடுகிறார். முதல்வர் அவர்கள் நல்லவர்தான். கருவி சாட்சியம், தொட்டால் கலைந்துவிடும் என்று அஞ்சுகிறார். கருவி வழக்குச் சாமான் அல்ல, ஐயா. சும்மா வைத்தால் அப்படியே இருக்காது. இந்தப் பூட்டு எதையும் காப்பாற்றவில்லை, உள்ளே இருப்பதைக் கெடுக்கிறது.

10. ஆகவே, விசாரணை எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும். அறையை மட்டும் திறந்து பம்பை ஓட்டத் தாங்கள் உத்தரவிட வேண்டும். நான் எதையாவது மாற்றிவிடுவேன் என்ற ஐயம் இருந்தால், நான் உள்ளே வரவில்லை. துறையில் யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். வலப்பக்கக் காற்று வால்வைக் கடிகாரச் சுற்றில், நிற்கும்வரை திருக வேண்டும். பம்பின் எண்ணெயை மாற்றி, பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இதைச் செய்தாலே தகடு பிழைத்துவிடும். எழுதித் தந்துவிட்டேன், நான் தேவையில்லை. என் பெயர் இந்த ஆய்வில் இருப்பதுதான் கதவைத் திறக்கத் தடை என்றால், பெயரை எடுத்துவிடவும் இதன்மூலம் சம்மதம் தெரிவிக்கிறேன்.

விடை யாருக்காவது கிடைத்தால் போதும், அது நானாக இருக்க வேண்டியதில்லை என்று பெருந்தன்மையாக ஒரு வரி எழுதி இம்மனுவை முடிக்க நினைத்தேன். எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன், ஏனென்றால் அது பொய். பட்டம் வேண்டாம், பெயர் வேண்டாம், வெளியிலேயே நிற்கிறேன். ஆனால் தண்ணீர் அங்கே உடைகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும், ஐயா. கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
தங்கள் உண்மையுள்ள,
ஜ. ஜெஸிமா

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 10.11.2025