ஷெரினின் கிதார் பெட்டியில் ஒட்டியிருக்கும் உன் கடைசி வார்த்தை

கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடுகிற என் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சத்தம் கேட்குமா? கேட்டால், உன் மகள் இப்போது பக்கத்து அறையில் என்ன செய்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை நான் வேலை பார்க்கும் கிளினிக் அடைப்பு. இந்த வளைகுடா வெயிலில் ரூவி வட்டாரம் முழுக்க ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. ஷெரின் மட்டும் கிதாரை மாட்டிக்கொண்டு ஜப்பான் பாஷையில் கத்துகிறாள். கீழ்வீட்டு மலையாளி அம்மா துடைப்பக் கட்டையால் இரண்டு தடவை கூரையை இடித்துவிட்டார்.

சனிக்கிழமை அவளுக்கு விமானம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, சென்னையில் கல்லூரி கிடைத்துவிட்டது. ஆனால் முதலில் ஊருக்குத்தான் போவாளாம், உன் கல்லறையைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாமாம். அந்தக் கல்லில் நீ செத்துப்போன தேதியைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். அவளிடம் நான் சொன்ன தேதி வேறு.

நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? நீதான் இல்லையே. நீயும் அத்தானும் வைத்தியத்துக்கு ஊருக்குப் போனபோது, பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று ஷெரினை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். நீ கண்ணை மூடிய அன்றைக்கு அவளுக்கு இன்னும் பதினோரு நாள் பரீட்சை பாக்கி. "முடியட்டும், பிறவு சொல்லுவோம்" என்றார் அத்தான். நானும் தலையாட்டினேன். வளைகுடாவில் இது புதிதா? உனக்காக நம் ஜெபக்குழு அச்சடிக்கும் இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர், பிள்ளையின் பரீட்சைக்காக ஒரு சாவையாவது மூடி வைத்திருப்பார்கள். நம் ஜெபக்குழு மொத்தமும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. "அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போறேன்" என்று அவளிடம் பொய் சொல்லி, என் வீட்டுக்காரரிடம் அவளை விட்டுவிட்டு, உன்னை அடக்கம் செய்ய நான் வந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், உன் தலையணைக்கு அடியில் போன் அடித்தது. ஷெரின் ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். ஜப்பானில் நாலு பெண்கள் சேர்ந்து நடத்தும் ராக் குழுவாம், பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்தவர்களாம். அவர்கள் பாட்டைத் தன் குரலில் பாடியிருந்தாள். "அம்மா, எப்படி இருக்கு? சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு மேத்ஸ்" என்று அதற்குக் கீழே இன்னொரு குரல் செய்தி. நான் அத்தானைப் பார்த்தேன். அவர், "நீயே என்னமாவது சொல்லு பிள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் தட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் இங்கிலீஷ் எழுத்தில், நீ பேசுவதைப்போல. "நல்லா பாடுற மக்களே. பாடுறத நிறுத்தாத."

அவ்வளவுதான் செய்தேன். பரீட்சைக்கு நடுவில் பிள்ளை உடைந்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன். ஆனால் நான் இங்கே திரும்பி, கடைசிப் பரீட்சை முடிந்து அவள் வந்ததும் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது, "எப்போ?" கையில் அந்த போன். உன் பெயரில் நான் போட்ட பதில் அதற்குள் இருக்கிறது. உண்மைத் தேதியைச் சொன்னால் அது செத்தவள் எழுதிய பதிலாகிவிடும். என் வாயில் தானாக வந்தது, "நேத்து." இன்றைக்கே அடக்கம், டிக்கெட் கிடைக்காது என்று அடுத்த பொய். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பது சும்மாவா?

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி கிடையாது. வருஷா வருஷம் உனக்கு இரண்டு பூசை வைக்கிறேன், தெரியுமா? உண்மைத் தேதியில் டியூட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாக. பத்து நாள் கழித்து ஷெரினோடு, மெழுகுவர்த்தி, மாலை எல்லாம் வைத்து. அந்த இரண்டாவது பூசையில் அவள் அழும்போது நான் தலையை நிமிர்த்துவதே இல்லை.

அவள் ஊருக்குப் போகாமல் இரண்டு லீவையும் தடுத்தேன். ஒரு வருஷம் டியூஷன், ஒரு வருஷம் நுழைவுத் தேர்வு. போன வாரம் அத்தானுக்கு போன் போட்டு, "அந்தத் தேதிமேல ஒரு பூவளையம் வச்சு மறைக்க முடியாதா?" என்று கேட்டேன். "கல்லுல கொத்துனத எத்தன நாளைக்குப் பிள்ள பூவ வச்சு மூடுவ?" என்றார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெரிய வளையமாக வைத்தால் போதுமே என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அவ்வளவு பயம் எனக்கு.

பள்ளிக்கூடத்துப் பிரிவு உபசார விழாவில் அவளும் மூன்று பிள்ளைகளும் பாடினார்கள். டிரம்மை நாலு தட்டு தட்டி, பிறகு தொண்டை கிழியக் கிழிய. அர்த்தம் கேட்டேன். "ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு நிக்கிறா சித்தி. ஸ்கூல் முடிஞ்சு வெளியூர் போறா. அம்மா கையாட்டுறாங்க, இவ திரும்பியே பாக்கல. ட்ரெயின் கிளம்பினப்புறம்தான் கத்துறா." அங்கேயும் மார்ச்சில்தான் பள்ளிக்கூடம் முடியுமாம், பூ கொட்டுமாம். இந்தக் குழுக்கள் எல்லாமே இப்படித்தான், வளர்ந்துவிடப் போகிறோமே என்ற பயத்தைச் சத்தமாகப் பாடுகிறார்கள் என்றாள். "பயந்தா யாராவது கத்துவாங்களாடி?" என்றேன். "வேற என்ன செய்வாங்க சித்தி?" என்றாள்.

பயந்தபோது நான் என்ன செய்தேன்? வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாடுவதற்கு முன்னால் மைக்கில் சொன்னாள்: "இது எங்க அம்மாவுக்கு. கடைசியா எனக்கு அனுப்பின மெசேஜ்ல, பாடுறத நிறுத்தாதன்னு சொன்னாங்க." மண்டபமே கைதட்டியது. நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன் அக்கா. அந்த மெசேஜை அச்செடுத்துக் கிதார் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் திருட்டுத்தனம் என்னையே பார்க்கும்.

நேற்றுப் பெட்டி கட்டும்போது திடீரென்று கேட்டாள். "அம்மா எப்பவும் வாய்ஸ் மெசேஜ்தானே போடுவாங்க? அன்னைக்கு மட்டும் ஏன் டைப் பண்ணாங்க?" நான், "டைப் பண்ணத் தோணியிருக்கும்" என்று என்னமோ உளறினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துதான் கேட்டாளா? இல்லை, நான்தான் நிழலைப் பார்த்து நடுங்குகிறேனா? அந்தக் காகிதத்தை அவள் கிழித்துவிட்டால்? அதோடு பாட்டையும் விட்டுவிட்டால்? என் முகத்தில் முழிக்காமலே விமானம் ஏறிவிட்டால்?

இன்னொன்றையும் நான் மறைத்தேன். அதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் கேட்டாய், நினைவிருக்கிறதா? மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய்.

"ஏட்டி, அவ இப்பவும் கத்துகாளா?"

"ஆமாக்கா. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வாறான்."

"வரட்டும். அவ கத்தட்டும்."

சத்தத்தைக் குறை, சத்தத்தைக் குறை என்று அவளைக் கரித்துக் கொட்டிய நீ சொன்னாய் இதை. இதுதான் அவளைப் பற்றி நீ கடைசியாகச் சொன்னது. இதைச் சொன்னால் எப்போது சொன்னாய் என்று கேட்பாள், என் பொய் ஒவ்வொன்றாக அவிழும் என்று விழுங்கிவிட்டேன். நானாக ஒரு வார்த்தையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீ கொடுத்த வார்த்தையைப் பூட்டி வைத்தேன்.

இந்தக் கடிதத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன்? அவளால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்தான், வேறென்ன? வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் மலர் இருக்கும். அவள் கையிலும் இருக்கும். உன் படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதனால் இதை அச்சுக்கு அனுப்பிவிட்டேன் அக்கா. வாட்ஸப்பில் படம் எடுத்து, இந்த வரிக்கு முன்னால் இருக்கிற அத்தனையும் போய்விட்டது. மிச்சம் பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறேன். இனி வெள்ளிக்கிழமை யாராவது ஒருத்தி அவள் தோளைத் தொட்டு, "பாவம் மோளே" என்று சொல்வதற்குள் நான் சொல்லியாக வேண்டும். வேறு வழியை எனக்கு நானே அடைத்துவிட்டேன்.

உள்ளே டிரம் இல்லாமல் வாயாலேயே நாலு தட்டு தட்டுகிறாள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறேன். முடிந்ததும் கதவைத் தட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டுவேன். தமிழ் கேட்டால் அவளுக்கு நன்றாகப் புரியும். "கத்தட்டும்" என்ற இடத்தில் என் குரல் உடைந்தாலும் நிறுத்த மாட்டேன். அதன் பிறகு அவள் என்னைப் பார்த்துக் கத்தினால், கத்தட்டும். சத்தத்தைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் தரும் சத்தியம்.

பாட்டு நின்றுவிட்டது அக்கா. நான் போகிறேன்.

உன் பெயரில் ஒரே ஒரு தடவை எழுதிய,
உன் தங்கச்சி,
ஷெரினுக்கு இன்னும் சித்தி.