மலைச்சரிவில் உன் பெயர்

நாஸ்கா, ஜூன் 14

என் மகள் செனோபியாவுக்கு,

முட்டிவலியைத் தவிர எனக்குக் குறையில்லை, மிலான் வெயிலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க லூரென் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. சர்ச் குலுக்கலில் எனக்கு இரண்டு நாள் சுற்றுலா விழுந்தது, கூட ஒரு சீட்டு இருந்ததைப் பாதிரியார் உன் அத்தை எர்மின்டாவுக்குக் கொடுத்துவிட்டார், எங்களைச் சமாதானம் செய்கிறாராம். நீ பிறந்த மூன்றாம் நாள் உன் அப்பா மீன் ஆலைக்காரி ஒருத்தியோடு மார்க்கோனா பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள், நாற்பத்தொரு வருஷமாக அவள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

முதல் நாள் பராக்காஸில் படகு. தீவுப் பாறையெல்லாம் கடல் சிங்கங்கள், பறவை எச்ச நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. எத்தனை குரல் கத்தினாலும் தாய் தன் குட்டியின் குரலைக் கண்டுபிடித்துவிடும் என்றாள் வழிகாட்டிப் பெண். உன் தொண்டையைவிட அதுங்களுக்குச் சின்னத் தொண்டைதான்டி எவரிஸ்தா என்றாள் எர்மின்டா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூப்பாடு மனிதர் யாரோ உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது, கரைக்கு வந்தும் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் குட்டி விமானம். பழங்காலத்தார் பாலையில் கீறிய குரங்கு வலது பக்கம் தெரியுதுங்க அம்மா என்றான் பைலட், குரங்கைப் பார்க்க மேலே ஏறணுமா, என் புருஷன் வீட்டுலதானே இருக்கான் என்றாள் இவள், எல்லாரும் சிரித்தார்கள். காற்று பலமாக இருந்ததால் அவன் மலைகளைச் சுற்றித் திரும்பினான். அங்கே யாரும் போகாத ஒரு சரிவில், நம் பக்கத்து ஆண்கள் பிரியமானவர் பெயரைக் கல்லைப் புரட்டி எழுதுவார்களே அப்படி, உன் பெயர். கடைசி எழுத்து பாதியில் நின்றிருந்தது. அது பழசில்லைங்க, எவனோ காதலிக்கு எழுதிவச்சது, அடுத்த மாசம் அழிச்சிடுவாங்க என்றான். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் இரண்டு பேருக்குத்தான் உண்டு, செத்துப்போன உன் பாட்டிக்கும் உனக்கும். உன் அப்பாவின் அம்மா பெயரை உனக்கு வைக்கக்கூடாது என்று, அவன் போன அன்று காலையில் நான் அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். உன் கோபம் ஆறட்டும், சாயங்காலம் வர்றேன் என்று கல் ஒதுக்கும் வாரி ஒன்றும் தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொண்டு போனான். வரவில்லை, வருவான் என்றுதான் அந்தப் பெயரையே உனக்குப் பதிந்தேன்.

இறங்கியதும் எர்மின்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பஸ் ஏறினதை நான் பார்க்கலடி, பஸ் ஸ்டாண்டுல யாரோ சொன்னாங்க, பார்த்தேன்னு சொன்னாத்தானே நம்புவாங்கன்னு சொல்லிட்டேன் என்றாள். அவளை அடிக்கக் கை எழவில்லை.

நான் விடாமல் கேட்கவே, அந்தக் கோடுகளைக் காக்கும் தொல்லியல் அதிகாரியும் காவலாளியும் என்னை அந்தச் சரிவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்த எழுத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் வாரி கிடந்தது, கேன் கிடந்தது, அவன் கிடந்தான். நம் வறண்ட மண் எதையும் தின்னாது என்று உனக்குத் தெரியும். தொடையெலும்பு முறிந்திருந்தது. தலைமாட்டில் நின்று பார்த்தேன், அங்கிருந்து நம் ஊர் தெரிகிறது மகளே, கோவில் மணிக்கூண்டு தெரிகிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்த நாட்களில்தான் நான் வாசலில் நின்று அவனைச் சபித்துக்கொண்டிருந்தேன், தேட ஓர் ஆளை அனுப்பவில்லை.

அவன்தான் என்று எழுதிக்கொடுக்கப் பிள்ளையின் ரத்தம் வேண்டுமாம், இல்லாவிட்டால் பெயரில்லாத பிணமாகப் புதைப்பார்களாம். அங்கே நம் துணைத் தூதரகத்தில் கேள், எப்படி எடுத்து அனுப்புவது என்று சொல்வார்கள். அந்த ஆளுக்காக எச்சில்கூடத் துப்பமாட்டேன் என்பாய். அது உன் சொல் இல்லை, நான் உனக்குப் பாலோடு ஊட்டியது, அதை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும். திங்கட்கிழமையே போ, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, உனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்.

உன் அம்மா,
எவரிஸ்தா,
லிபோரியோ வார்க்காயாவின் விதவை